கல்லில் கட்டிய துணி

சந்தைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதல் மாதம் பெருமையாக இருக்கும். நீங்கள் வீதியில் இறங்கினால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், நடைபாதைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூடைகள் தாமாக உள்ளே போகும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நம்மைப் பார்த்து எழுந்து நிற்பவர் நம்மிடம் உண்மையைச் சொல்ல மாட்டார் என்று புரிய எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது திருப்பூரை ஒட்டி, பல்லடம் சாலைப் பக்கம் இருந்த ஒரு நகராட்சியில். பெயர் வேண்டாம். வரி வசூலிப்பவளாகச் சேர்ந்து, சந்தையையும் சாலையோரக் கடைகளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு வந்து, அதிலேயே ஓய்வும் பெற்றேன்.

என் பக்கத்து மேசையில் ஒருவர் இருந்தார். எங்கள் சந்தையில் ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட வாங்க மாட்டார். வாங்கினால் காசு வாங்க மாட்டார்கள், காசு வாங்காவிட்டால் மறுநாள் அவர்களிடம் குரல் எழும்பாது என்பார். மாமனார் ஊரான காங்கேயத்துக்கு வாரம் ஒரு முறை போய்ப் பையை நிரப்பிக்கொண்டு வருவார். வாரக் கடைசியில் அவர் வீட்டுக்குப் போனால் மனைவி வாடிய கீரையை எடுத்துக் காட்டி, "நேர்மையில சமைச்சுப் போடறனுங்க, சாப்பிட்டுப் போங்க" என்பார். அப்படிப்பட்ட மனிதர். அவரைப் பற்றி இங்கே ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

இப்போது கம்பெனி வீதிக் கதைக்கு வருகிறேன். கைக்குச் செல்போன் வந்து, அதில் படம் எடுக்கும் வசதி பெரும்பாலும் வராத காலம். ஊரில் பனியன் கம்பெனிகள் மாதத்துக்கு ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. தென்மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை லைன் வீடுகளில் தங்கினார்கள். கம்பெனி வீதியின் இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் உட்கார்ந்து, நடுவில் லாரி திரும்ப முடியாமல், புகார் மேல் புகார். கடைசியில் வீதி முனையில் கிடந்த நகராட்சி நிலத்தில் கூரை போட்டு, சிமெண்ட் மேடைகள் கட்டி, எல்லோரையும் அங்கே உட்கார வைப்பது என்று நகர்மன்றம் தீர்மானித்தது. எத்தனை மேடை, யார் யாருக்கு என்று கணக்கெடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

மூன்று நாள் நடந்தேன். காலை பதினொரு மணிக்குக் கிளம்பி, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி, மறுபடியும் ஒரு சுற்று. ஒருவரையும் விடாமல் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், என்ன விற்கிறார், எங்கே குடியிருக்கிறார் என்று எழுதினேன். நாற்பத்திரண்டு பேர். மூன்று நாளும் அதே நாற்பத்திரண்டு பேர் அதே இடத்தில். இவ்வளவு சுத்தமான பட்டியலை நான் அதற்கு முன் எழுதியதே இல்லை. அதை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் மிதப்பாகத் திரிந்தேன்.

அந்த மூன்று நாளில் ஒரே ஒரு ஆள் மட்டும் எனக்கு ஒரு குறிப்புக் கொடுத்தார். கீரை விற்கும் ராமாத்தாள். பக்கத்துக் கிராமம், கொஞ்சம் தோட்டம், சொந்தக் கீரை. தன் சாக்குக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு கருங்கல்லைக் காட்டி, "கல்லைப் பாத்து எழுதிக்குங்க அம்மிணி" என்றார். பார்த்தேன். கல்லைச் சுற்றி ஏதோ துணிக் கிழிசல்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் பதினாறு பேர் பாக்கி. "சரிங்க, சரிங்க" என்று சொல்லி அடுத்த கூடைக்கு நகர்ந்துவிட்டேன். அவர் எழுந்து நின்றுதான் சொன்னார், நான்தான் நிற்கவில்லை.

நாற்பத்திரண்டு மேடைகளும் கட்டி முடிந்தன. ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் திறப்பு விழா. மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து கதவைத் திறந்து, பட்டியலில் உள்ளவர்களுக்குத் தன் கையால் அடையாள அட்டை கொடுப்பார். நகராட்சி அலுவலகத்தில் அட்டை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். கொடுத்த கணமே பட்டியல் மூடிவிடும். அதன்பின் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமானால் மறுபடியும் மன்றம், மறுபடியும் தீர்மானம், அதற்கும் மேலே காலி மேடை வேண்டும்.

அதிகாரி வரும் வழி சுத்தமாக இருக்க வேண்டாமா? முந்தின நாள் ஞாயிறு. கம்பெனிகளுக்கு விடுமுறை. வியாபாரம் முழுக்கப் பேருந்து நிலையப் பக்கம் போய்விடும், கம்பெனி வீதியில் ஈ காக்கை இருக்காது. லாரியை வரச் சொல்லி நானே கூட நின்று வீதியைக் கூட்ட வைத்தேன். ஓரம் முழுக்கக் கற்கள், உடைந்த செங்கல்கள், எல்லாவற்றிலும் அழுக்குத் துணி. ஒன்று விடாமல் லாரியில் ஏற்றச் சொன்னேன். சாயங்காலம் வீதி கழுவிவிட்டதுபோல இருந்தது. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பக்கத்து மேசைக்காரர் போன் செய்தார். அவர் வீடு கம்பெனி வீதிக்கு இரண்டு தெரு தள்ளி.

"மேடம், உங்க வீதியில சண்டைங்க. கொஞ்சம் வெரசா வாங்க."

நான் போகும்போது ஆறரை. பன்னிரண்டு வருடத்தில் அந்த வீதியை அந்த நேரத்தில் நான் பார்த்தது அன்றுதான் முதல் முறை. இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் அறிந்த வீதி அல்ல அது. எட்டரைக்குக் கம்பெனிக்குள் இருக்க வேண்டிய பெண்கள் இப்போதே கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். பால் கேனோடு ஒருவர், பூக்கூடையோடு இருவர், இட்லிப் பானையோடு சிலர், சோற்று அண்டாவோடு பலர். என் பட்டியலில் உள்ள முகம் ஒன்றுகூட அங்கே இல்லை. எல்லோரும் உட்கார இடம் தெரியாமல் நின்றுகொண்டு, "இது எங்க எடம்", "இல்ல, எங்க எடம்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நடுரோட்டில் ஒரு அண்டா கவிழ்ந்து, புளிசாதம் தாரில் கொட்டிக் கிடந்தது.

அதன் பக்கத்தில் குந்தி, மேலாகக் கிடந்த சோற்றை மட்டும் கையால் அள்ளிக்கொண்டிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பெயர் பாண்டியம்மாள், விருதுநகர்ப் பக்கம். கணவருக்கு முதுகு போய், ஒரு கம்பெனியில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். இந்த அண்டாவில்தான் வீடு நடந்தது. லைன் வீட்டுப் பெண்களுக்குக் காலையில் சமைக்க நேரம் இருக்காது. நடக்கிற நடையிலேயே இவரிடம் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். எட்டரைக்குக் கம்பெனிக் கதவு மூடும். எட்டே முக்காலுக்கு இவர் அண்டாவைக் கழுவிக்கொண்டு வீட்டில் இருப்பார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "மேடம், எங்க கல்லு எங்க? சனிக்கெழம வரைக்கும் இங்கனதான கெடந்துச்சு?"

"எந்தக் கல்லு?"

"மஞ்சத் துணி கட்டுன கல்லு. அது கெடந்தாத்தான் இது எங்க எடம். இப்ப ஆளாளுக்கு வந்து உக்காந்தா நாங்க என்ன செய்ய?"

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு கல்லும் ஒரு இடம். அந்த இடத்தில் உட்காரும் ஒவ்வொருவரும், பனியன் வெட்டும்போது மிஞ்சும் துணியில் ஒரு கீற்றைத் தன் நிறத்தில் கட்டி வைப்பார்கள். இவருடைய கல்லில் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று மூன்று கீற்று. காலையில் இவர். எட்டரை மணிக்குப் பச்சை, அதுதான் ராமாத்தாள். சாயங்காலம் ஐந்துக்குச் சிவப்பு, கம்பெனியில் கழித்த பனியன்களை விற்கும் செல்வம். ஒருவர் எழுந்தால்தான் அடுத்தவர் உட்காருவார். யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் சண்டை போட்டதும் இல்லை. நான் குப்பை என்று லாரியில் ஏற்றியது அந்த வீதியின் பதிவேட்டை.

பாண்டியம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இன்னைக்கு அட்ட குடுக்கப் போறீகளாமே. எம்பேரு இருக்கா மேடம் அதுல?"

பட்டியல் என் கைப்பையில் இருந்தது. எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் எடுத்து, முதல் பெயரிலிருந்து நாற்பத்திரண்டு வரை விரல் வைத்துப் பார்த்தேன். நேரம் கடத்தினேன் என்பதுதான் உண்மை. எனக்கு அவமானமாக இருந்தது. அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் குரலை உயர்த்தித் தப்பித்திருப்பேன். அவர் திட்டவில்லை.

"இல்லைங்க" என்றேன்.

பக்கத்து மேசைக்காரர் என்னைத் தனியாக அழைத்துப்போனார். "மேடம், இவிக எட்டரைக்கு மேல இங்க இருக்கப் போறதில்லீங்க. விழா பதினொன்னுக்கு. நம்மாளுக நாப்பத்திரண்டு பேரும் வந்து நிப்பாங்க. அட்டையக் குடுத்து முடிச்சுப் போடுங்க. அப்பறம் மெதுவாப் பாத்துக்கலாமுங்க."

கொத்தமல்லிக்கு நாற்பது கிலோமீட்டர் போய்வரும் மனிதர் சொன்ன யோசனை இது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கும் ஒரு நிமிடம் அது இனிப்பாகத்தான் இருந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. விழா நேரத்தில் அந்தப் பெண்கள் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். ஒரு ரூபாய் வாங்காதவர் வாயிலிருந்தும் தப்பான யோசனை வரும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். கை சுத்தமாக இருப்பது வேறு, தன் தப்பை உரிய நேரத்தில் ஒப்புக்கொள்வது வேறு. "அப்பறம்" என்று ஒன்று இல்லவே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் சட்டென்று முடிவெடுத்தேன் என்று பெருமை பேச மாட்டேன். எதிர்க் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, லாரி டிரைவருக்குப் போன் செய்தேன். நல்ல காலம், ஞாயிற்றுக்கிழமைச் சோம்பலில் அவர் ஏற்றியதைக் கொட்டாமலேயே, குப்பை சேரும் உரக்கிடங்கு வாசலில் லாரியை நிறுத்திவிட்டுப் போயிருந்தார். என் வாழ்க்கையில் ஒருவருடைய சோம்பலுக்கு நன்றி சொன்னது அந்த ஒரு முறைதான். அவர் லாரியை வீதிக்குக் கொண்டுவரும்போது ராமாத்தாளும் வந்துவிட்டிருந்தார்.

பின்கதவைத் திறந்ததும் இரண்டு பெண்களும் ஏறிவிட்டார்கள். கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, "இது பூக்காரி", "இது எளநீரு", "ஏனுங் பாண்டியம்மா, இந்த ஊதாத் துணி ஆருது?" என்று இறக்கிக்கொண்டே இருந்தார்கள். நான் கீழே நின்று நோட்டில் எழுதினேன். சில கற்களில் இரண்டு கீற்று, சிலவற்றில் மூன்று, தாராபுரத்துக்காரர் ஒருவரின் கல்லில் ஒரே கீற்று. கற்கள் சரியாக நாற்பத்திரண்டு. துணிகள் நூறைத் தாண்டின. ஆக, நான் எண்ணியது கல்லைத்தான். ஆட்களை எண்ணவே இல்லை.

ராமாத்தாள் லாரியில் நின்றபடியே சொன்னார்: "நா அன்னிக்கே சொன்னனுங் அம்மிணி."

"சொன்னீங்க. எனக்குத்தான் கேக்கலைங்க."

"அதுக்கென்னங்க, இப்பக் கேட்டுப்போட்டீங்கல்ல" என்று அடுத்த கல்லைத் தூக்கினார்.

ஒன்பதரைக்கு நகராட்சி ஆணையர் முன்னால் நின்றேன். என்னைவிட எட்டு வயது இளையவர். விழாவுக்காகப் புதுச் சட்டை போட்டு, பேச வேண்டியதை ஒரு தாளில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதையை முன்னாலிருந்து சொல்லவில்லை. "சார், என் பட்டியல் தப்பு. இன்றைக்கு அட்டை கொடுத்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பிழைப்புப் போய்விடும்" என்று மட்டும் சொன்னேன். அவசரம் என்றால் முதலில் தப்பைச் சொல்லுங்கள், காரணத்தைக் கேட்டால் சொல்லலாம்.

அவர் தாளைக் கீழே வைத்தார். "எத்தனை மணிக்குப் போய் எழுதினீங்க?"

"பதினொரு மணிக்கு, சார்."

"இடம் பார்க்க நானும் பதினொரு மணிக்குத்தான் போனேன். பொறியாளரும் அப்போதுதான் வந்தார்" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் யார் தப்பு என்ற பேச்சு அந்த அறையில் எழவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் மரியாதை இருப்பதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். "இப்ப என்ன செய்யலாம்?" என்று என்னையே கேட்டார்.

"கதவை மட்டும் திறக்கட்டும். அட்டை வேண்டாம். கல்லை மேடைமேல வைப்போம், சார்."

"கல்லையா?"

"ஆமாம், சார்."

பதினொரு மணிக்குப் பெரிய அதிகாரி வந்தார். நாடா வெட்டினார். உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார். பளபளவென்று பூசிய புது மேடை ஒவ்வொன்றின் மேலும் அழுக்குத் துணி கட்டிய ஒரு கல். ஆணையரைப் பார்த்தார், ஆணையர் என்னைப் பார்த்தார். "கட்டட வேலை இன்னும் முடியலையா?" என்று அதிகாரி கேட்டார்.

மூன்றாவது மேடைக்குப் பின்னாலிருந்து ராமாத்தாள்தான் பதில் சொன்னார். "சாமி, அது எங்க பேருங்க."

அதிகாரி அருகே போனார். ராமாத்தாள் ஒவ்வொரு கீற்றாகத் தொட்டுக் காட்டினார். "மஞ்ச, இந்தப் புள்ளைங்க. பச்ச, நானுங்க. செவப்பு, அவுரு பொழுதெறங்க வருவாருங்க." இந்தப் புள்ளை என்று அவர் காட்டியது பாண்டியம்மாளை. வீட்டுக்குப் போகாமல், காலி அண்டாவோடு அங்கேயே நின்றிருந்தார். அதிகாரி மூன்று துணியையும் பார்த்துவிட்டு, ஆணையரிடம், "அட்டையில் நேரத்தையும் போட்டுக் கொடுங்கள்" என்றார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். இரண்டு வாரத்தில் அட்டைகள் வந்தன. ஒரு மேடைக்கு இரண்டோ மூன்றோ பெயர், பெயருக்கு நேரே நேரம்.

இந்த இடத்தில் கதையை முடித்தால் நான் கெட்டிக்காரியாகத் தெரிவேன். ஆனால் திறப்பு விழாவுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, ஒன்று நடந்தது. புது உற்சாகத்தில் நான் காலை ஆறேகாலுக்கே சந்தைக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. வாசலில் அண்டாவோடு பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்தார். சந்தையின் சாவி அலுவலகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. உதவியாளர் பத்து மணிக்கு வந்து எடுப்பார். நூறு பேருடைய நேரத்தை எழுதிய எங்களுக்குக் கதவு திறக்கும் நேரத்தை எழுதத் தோன்றவில்லை.

"பரவால்ல மேடம், இன்னைக்கு வாசல்லயே வித்துருதேன்" என்றார் பாண்டியம்மாள்.

அலுவலகத்து இரவுக் காவலரை எழுப்பிச் சாவியை வாங்கி வந்து நானே திறந்தேன். திறந்த பிறகு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். திரும்பக் கொண்டுபோனால் நாளைக்கும் இதே கதைதான். யாருக்கு ஒப்படைப்பது என்பதற்கு ஒரு விதி உண்டு, அதில் அலுவலகத்து ஆட்கள் மட்டும்தான் வருவார்கள். முதலில் வருகிறவர் கையில்தானே சாவி இருக்க வேண்டும்? பாண்டியம்மாளிடம் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "தொலைச்சுப்புட்டா?" என்று கேட்டார்.

"இத்தனை வருஷம் ஒரு துணிக் கீற்றைத் தொலைக்காதவங்க இதைத் தொலைக்க மாட்டீங்க."

கல்லில் கட்டியிருந்த மஞ்சள் துணியின் நுனியைக் கிழித்துச் சாவியில் கட்டிக்கொண்டார். அவர் திறப்பார், எட்டரைக்கு ராமாத்தாளிடம் கொடுப்பார், சாயங்காலம் அது செல்வத்தின் கைக்கு வரும். அவர் பூட்டிவிட்டுப் போகிற வழியில் பாண்டியம்மாள் வீட்டில் கொடுத்துவிடுவார். ஆணையரிடம் சொன்னேன். "எழுத்தில் கேட்டால் என்னால் அனுமதி தர முடியாதே" என்றார். "அதனால்தான் வாயால் சொல்கிறேன், சார்" என்றேன். சிரித்துவிட்டார்.

நான் ஓய்வு பெறும்வரை அந்தச் சந்தை ஒரு நாள்கூடத் தாமதமாகத் திறந்ததில்லை. எங்கள் அலுவலகத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பக்கத்து மேசைக்காரர் கடைசிவரை காங்கேயத்துக் கீரைதான் சாப்பிட்டார். ஆனால் மாதம் ஒரு நாள் காலை ஆறரைக்கு என்னோடு வீதியைச் சுற்றி வருவார். என் வேலையில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான். யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். அவர்களுக்கு நேரம் இருக்காது.

ஓய்வு பெற்ற அன்று பொறுப்புகளை ஒப்படைத்தேன். என் இடத்துக்கு வந்தவர், உங்களைப்போல இளையவர், மிகக் கவனமானவர். பதிவேடு, முத்திரை, அளவு நாடா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் குறியிட்டுக்கொண்டே வந்தார். கண்ணாடிப் பெட்டியில் ஒரு கொக்கி காலியாக இருந்தது. "மேடம், கம்பெனி வீதிச் சந்தைச் சாவி?" என்று கேட்டார். பாண்டியம்மாளிடம் இருக்கிறது என்றேன். பேனாவை நிறுத்தி, அப்படியானால் போய் வாங்கி வந்துவிடுகிறேன் என்று எழுந்தார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு மணி.

"நாளைக்குக் காலையில் ஆறு மணிக்குப் போங்கள்" என்றேன். "இப்போது போனால் அவர் இருக்க மாட்டார்."

மறுநாள் அவர் போயிருக்கிறார். சாவியை வாங்கவில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு, காசை வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தாராம்.